விசிலுக்கு வராத நாய்

சௌந்தரபாண்டி தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். தேனியில் ஏறினால் குமுளியில் இறங்குவார். குமுளியில் ஏறினால் தேனியில் இறங்குவார். ஆயுசு பூராவும் இப்படிப் போய்வந்தும் தான் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய கையோடு மலையடிவாரத்துக் குடிலுக்கு வந்து, குருவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

விழுந்தபிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். குரு ஒரு பெண். பேர் பிச்சையம்மா. அவருக்கு மகளாக இருக்கும் வயது.

"என்னையும் சேத்துக்கணும்" என்றார் கண்டக்டர், எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

"ஏறுங்க, ஏறுங்க. உள்ள எடம் இருக்கு" என்றார் பிச்சையம்மா.

அது கண்டக்டர் பேச்சு. இழுப்புக்கூட அச்சு அசலாக அதேதான். அது கேலியா கருணையா என்று அவருக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, அப்புறமும் விளங்கவில்லை.

குடிலுக்கு வந்தும் அவர் கழுத்து விசிலைக் கழற்றவில்லை. தியானத்துக்கு ஒரு விசில், சாப்பாட்டுக்கு ரெண்டு விசில். இருந்ததே அவரும் குருவும் தான். இருந்தாலும் ஊதுவார். ரெண்டு விசில் கேட்டதும் பிச்சையம்மா இலை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒரு மழையில் செவலை நாய் ஒன்று ஈரத்தோடு வந்து ஒண்டியது. இன்னும் குட்டித்தனம் போகாத நாய். கண்டக்டர் அதற்குச் சில்லறை என்று பேர் வைத்தார்.

"ஏன் அந்தப் பேரு?" என்றார் குரு.

"ஆயுசு பூரா இல்லைன்னே சொல்லிக்கிட்டிருந்தேன்மா. கடைசிக் காலத்துலயாவது இருக்கட்டும்."

ரெண்டு விசில் ஊதினால் வர வேண்டும் என்று சில்லறைக்குப் பழக்கினார். வந்தால் ஒரு உருண்டை தயிர்சோறு. சில்லறை கெட்டிக்காரன். விசில் சத்தம் கேட்டால் காது பின்னால் படுத்துக்கொள்ள, நாக்கு ஒரு பக்கம் தொங்க, காற்றாகப் பறந்து வரும். "பாருங்கம்மா, டிரைவர்கூட இப்படிக் கேட்டதில்லை" என்று கண்டக்டர் பூரித்துப்போனார்.

அப்புறம் சில்லறை ஆடுகளைக் கண்டுபிடித்தது.

ஆடுகள் அடிவாரத்து ஊர்க்காரி ஒச்சம்மாவுடையவை. குடிலுக்குப் பக்கத்துச் சரிவில்தான் மேயும். சில்லறைக்குக் கடிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஓடினால் அவை ஓடுகின்றன, அவ்வளவுதான். அப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று அதற்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

"யோவ் கண்டக்டரு! ஒன் நாயைப் பிடிய்யா! சினையாடு ஓடுதுய்யா!"

கண்டக்டர் ரெண்டு விசில் ஊதினார். சில்லறை அந்தச் சந்தோஷத்தோடேயே திரும்பி ஓடிவந்தது. வந்ததும் காதைப் பிடித்து, புளிய விளாரால் நாலு இழு இழுத்தார்.

"ஆட்டைத் தொரத்துவியா? தொரத்துவியா?"

மறுநாளும் துரத்தியது. விசில். வந்தது. அடி.

அதற்கடுத்து வந்தபோது கொஞ்சம் நின்று நின்று வந்தது. அப்புறம் பாதி தூரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் போய் இழுத்துவந்து அடித்தார். பிறகு விசில் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கும், பார்த்துவிட்டு இன்னும் தூரமாகப் போகும். தயிர்சோற்றை உருட்டிக் காட்டினால் சோற்றைப் பார்க்கும், அவர் கையைப் பார்க்கும், புதருக்குள் நுழைந்துவிடும்.

ஒருநாள் சில்லறை துரத்தியதில் ஒரு குட்டியாடு பாறையில் சறுக்கிக் கால் ஒடிந்தது. ஒச்சம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு குடில் வாசலுக்கே வந்துவிட்டாள். கண்டக்டர் பயத்தில் உளறினார்.

"அது எங்க நாய் இல்லைம்மா. மழைக்கு ஒதுங்கினது."

"ஒதுங்கினதுக்குத்தான் பேரு வெச்சு விசிலு ஊதுறியாக்கும்?" என்றவள் சேலை முந்தியின் முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "வயக்காட்டுக்குப் போடுற குருணை மருந்து. மடியிலயே வெச்சிருக்கேன். இன்னொரு தடவை என் ஆட்டுக்குள்ள வந்துச்சுன்னா சோத்துல பிசைஞ்சு வெச்சிருவேன். பெறகு என்னையக் குத்தம் சொல்லாதீக. எனக்கு இருக்கறது இந்த நாலு உசிருதான்."

அவள் குரல் உடைந்தது. குட்டியாடு தோளில் கிடந்தபடி அவள் காதை மென்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கண்டக்டர் குருவின் முன் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நல்லதுக்குச் சோறு போட்டேன். கெட்டதுக்கு அடி போட்டேன். ரெண்டுக்கும் மசியலை. சோறு பத்தலையா, அடி பத்தலையா?"

பிச்சையம்மா யோசித்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

விடிந்ததும் முதல் அழைப்பு.

"கண்டக்டரே!"

பதில் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று கண்டக்டர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"முந்தாநாள் படலைத் திறந்து போட்டுட்டீங்க. மாடு கத்தரிச் செடியைத் தின்னுருச்சு" என்றார் குரு. முகத்தில் சிரிப்பு இல்லை. "போங்க."

கண்டக்டர் போனார். உட்கார்ந்திருக்க மாட்டார், அதற்குள் மறுபடியும்.

"கண்டக்டரே, கொஞ்சம் வாங்களேன்!"

தேன் மாதிரி இருந்தது குரல். போனார்.

"போன வாரம் ரசத்துல உப்பு ரெண்டு தடவை போட்டீங்க. போங்க."

அடுத்த தடவை அவசரமாகக் கூப்பிட்டார், பாம்பைக் கண்டவர் மாதிரி. விழுந்தடித்து ஓடினால், "தியானத்துல குறட்டை விட்டீங்க. மூணாவது வரிசை பொம்பளை ஆளுகூட முழிச்சிருப்பா. போங்க" என்றார். மூன்றாவது வரிசையே கிடையாது. அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் போங்க என்றுவிட்டார்.

பிறகு ஒருதடவை ஒச்சம்மாவின் குரலில், "யோவ் கண்டக்டரு!" என்றார். பதறியடித்து வாசலுக்கு ஓடி, அங்கே யாரும் இல்லாமல் திரும்பி வந்தால், குரு திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நம்ம நாயை நம்ம நாய் இல்லைன்னு சொன்னீங்க."

இது மட்டும் கண்டக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

எல்லாமே அவர் செய்ததுதான். ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால் கோபப்படவும் முடியவில்லை. ஆனாலும் உச்சிவெயில் ஏறுவதற்குள், "கண்" என்று ஆரம்பித்தாலே அவர் தலை தன்னால் தோளுக்குள் ஒடுங்கியது.

வெயில் தாழ்ந்த வேளையில் மறுபடியும் சத்தம் கேட்டது. "கண்டக்டரே! ஓடியாங்க!"

கண்டக்டர் எழுந்தார். எழுந்த கால் வாசல் பக்கம் போகவில்லை. மாட்டுக் கொட்டடிக்குப் பின்னால் போனது. வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற சந்து. அதற்குள் உடம்பை ஒடுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"கண்டக்டரே!"

நின்றார்.

"கண்டக்டரே!"

வைக்கோல் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வைக்கோல் விலகியது. பிச்சையம்மா ஒரு வாழையிலையை ஏந்திக்கொண்டு நின்றார். இலையில் குழிப்பணியாரம். வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. கண்டக்டருக்குப் பணியாரம் என்றால் உயிர்.

"உங்களுக்குன்னு சுட்டேன். ஆறிப்போச்சு."

கண்டக்டர் விழித்தார்.

"கூப்பிட்டேனே?"

"காதுல விழலைம்மா."

"விழுந்துச்சு."

"விழுந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

"ஏன் வரலை?"

"வந்தா திட்டு விழும்னு..."

"காலைலேருந்து எதுக்குத் திட்டினேன்?"

"படல் திறந்ததுக்கு, உப்புக்கு, குறட்டைக்கு."

"அப்ப படலைச் சாத்தணும்னுதானே உங்க காலு கத்துக்கிட்டிருக்கணும்? ஏன் வைக்கப்போருக்குள்ள வந்து நிக்குது?"

கண்டக்டர் வாயைத் திறந்தார். தும்மல் வந்தது. தும்மி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது தும்மலால் மட்டும் இல்லை.

"நான் ஆடு தொரத்துனதுக்குல்ல அடிச்சேன்..."

"நானும் படலுக்குத்தான் திட்டினேன்" என்றார் குரு. "பணியாரம் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ஆறியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. கடைசி உருண்டையை வாயில் போட்டதும் கழுத்து விசிலைக் கழற்றி குருவின் காலடியில் வைத்தார்.

"இனி இதை ஊதினா அது வராது."

"வராது. அதுக்குள்ள விளார் இருக்கு."

"பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டுப் பாருங்க."

"சில்லறேய்!"

நாய் எங்கிருந்ததோ தெரியவில்லை. கொட்டடியில் மாடு திடுக்கிட்டு எழுந்து நின்றது.

"இதுக்குள்ளயும் விளார் இருக்கு" என்றார் பிச்சையம்மா.

கண்டக்டர் நாக்கைச் சொடுக்கினார். கை தட்டினார். த்தா, த்தா என்றார். எல்லாவற்றிலும் அதட்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்கே கேட்டது.

"உங்க தொண்டையில யாரையும் அடிக்காத சத்தம் ஒண்ணாவது இருக்கா, கண்டக்டரே?"

அவர் வெகுநேரம் உட்கார்ந்து தேடினார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்.

"ஒண்ணு இருக்குதும்மா. பஸ் ஸ்டாண்டுல ஆள் கூப்பிடற சத்தம். ஏறின பெறகு திட்டுவேன். சில்லறைக்குத் திட்டுவேன், படியில நின்னா திட்டுவேன். கூப்பிடறப்ப மட்டும் திட்டினதில்லை. திட்டினா எவன் ஏறுவான்?"

"கூப்பிடுங்க."

"இங்கயா?"

"பஸ்ஸு காலியா நிக்குது."

கண்டக்டர் எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை தன்னால் உயர்ந்து காற்றைத் தடவியது.

"குமுளி குமுளி குமுளி! கூடலூர், லோயர்கேம்ப், குமுளி! வாங்கண்ணே, வாங்கக்கா, உக்காந்து போகலாம், குமுளி குமுளி குமுளேய்!"

மலை அதை வாங்கி ஒருதடவை திருப்பிச் சொன்னது. காலை வெயிலில் கழுவி நிறுத்திய பஸ்ஸின் வாசனைகூட அந்தக் குரலில் இருந்தது. கள்ளிப் புதரடியில் ரெண்டு செவலைக் காதுகள் எழுந்து நின்றன.

"அதுதான்" என்றார் பிச்சையம்மா.

தயிர்சோறு இனிப் போதாது என்று கண்டக்டருக்குத் தெரிந்தது. சில்லறைக்கு எது பிடிக்கும் என்பதும் தெரிந்தது. சொல்லத்தான் தயங்கினார்.

"அம்மா, குடில்ல சொல்லக்கூடாத வார்த்தை."

"சொல்லுங்க."

"கருவாடு."

"சில்லறை இன்னும் தீட்சை வாங்கலையே" என்றார் குரு. "வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சுக் குடுங்க."

மறுநாளிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் குமுளி பஸ் கிளம்பியது. ஆடுகள் மேய வருகிற வேளையில் சில்லறையை நீளக் கயிற்றில் கட்டிப்போடுவார். மற்ற நேரத்தில் அவிழ்த்துவிட்டுக் கூப்பிடுவார். முதலில் அது வரவில்லை. அவர் கருவாட்டை மண்ணில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பிறகு வந்து தின்றுவிட்டு ஓடியது. பிறகு ஓடாமல் நின்று தின்றது. ஒருநாள் விரல் நுனியில் ஈர மூக்கு பட்டது. கண்டக்டர் அசையவே இல்லை, மூச்சுக்கூட விடவில்லை.

ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. ஒருநாள் சில்லறை பக்கத்துத் தோப்புக் கோழியைத் துரத்திவிட்டு, வாயில் ஒரு இறகோடு, கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றது. கண்டக்டருக்குத் தலைக்கு ஏறியது. குருவிடம் ஓடினார்.

"கோழியைத் தொரத்திட்டு வந்து நிக்குதும்மா! இதுக்கும் கருவாடா?"

"கடைசியா என்ன பண்ணுச்சு?"

"தொரத்துச்சு!"

"அதுக்குப் பெறகு?"

"...வந்துச்சு."

"அதுக்குக் குடுங்க."

"கை பரபரங்குதும்மா."

"பரபரக்கிற கையில கருவாடு இருக்கட்டும்."

கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தார். இறகைத் துப்பிவிட்டு அது தின்றது.

கயிற்றை நாய் கடித்து அறுக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் ஓடைக்கு அந்தக் கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சரிவில் சில்லறை. கழுத்தில் அறுந்த கயிறு வாலாட்டிக்கொண்டு பின்னால் வர, ஆடுகளுக்கு நடுவில் அம்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஆடுகள் சிதறின.

ஒச்சம்மா கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அவள் கீழே உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் திறந்து, தேக்கிலையில் சோற்றைக் கொட்டினாள். மீன்குழம்பை ஊற்றினாள். முந்தியின் முடிச்சை அவிழ்த்து அதில் உதறினாள். ஒரு குச்சியால் கிளறினாள். இலையைப் பாறைமேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றாள்.

சில்லறையின் மூக்கு உயர்ந்தது. ஆட்டை விட்டது. பாறைப் பக்கம் திரும்பியது.

நடுவில் ஓடை. இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. இறங்கி ஏறுவதற்குள் இலை காலியாகிவிடும்.

கண்டக்டரின் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து, "ஏய், சனியனே!" என்று ஒரு அலறல் கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கையை உயர்த்தினார்.

"குமுளி குமுளி குமுளி! வாங்கண்ணே, வாங்கக்கா, உக்காந்து போகலாம்!"

சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். கண்ணீர் மீசையில் இறங்கியது. குரல் மட்டும் காலைநேரத்து பஸ் ஸ்டாண்டாகவே இருந்தது.

"குமுளி குமுளி குமுளேய்!"

கண்ணைத் திறந்தார். சில்லறை நின்றிருந்தது. இலைக்கும் அதற்கும் நாலு எட்டுத்தான். மீன்குழம்பைப் பார்த்தது. ஓடைக்கு அந்தப்புறம் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தது. ஆடுகளைப் பார்த்தது. தான் செய்தது என்ன என்று அதற்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. வால் கால்களுக்கு நடுவில் போய்விட்டது. காது படுத்துவிட்டது. அப்படியே உட்கார்ந்தது.

"உக்காந்து போகலாம்..." என்றார் கண்டக்டர். குரல் தேய்ந்தது.

சில்லறை எழுந்தது. வயிறு மண்ணைத் தொட, தரையோடு தரையாக, ஒவ்வோர் அடிக்கும் நின்று, ஓடைக்கரைக்கு வந்தது. தண்ணீரில் இறங்கியது. கயிறும் அதுவுமாக இழுபட்டு, கீழே தள்ளிப்போய்க் கரையேறி, நனைந்த துணி மாதிரி அவர் முன்னால் வந்து படுத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

கண்டக்டர் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தார். இருந்த கருவாடு மொத்தத்தையும் அதன் மூக்குக்கு முன்னால் கொட்டினார். பிறகு அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

எதிர்க்கரையிலிருந்து ஒச்சம்மாவின் குரல் வந்தது.

"யோவ்! ஆட்டைத் தொரத்துன நாய்க்குக் கருவாடா? என்னய்யா நாயம் இது?"

"தொரத்துனதுக்கு இல்ல, ஒச்சம்மா!" என்று கத்தினார் அவர். "வந்ததுக்கு!"

ஒச்சம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து இலையைச் சுருட்டினாள். சோறு ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் சுருட்டி, கல்லால் ஆழமாகக் குழி பறித்துப் புதைத்து, மேலே பெரிய கல்லாக உருட்டி வைத்தாள். கையை ஓடை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"என் கஞ்சி போச்சு" என்றாள். "நாளைக்கு எனக்கும் நாலு கருவாடு எடுத்து வையி. ஒம் பஸ்ஸுக்கு நானும் வாரேன்."

கண்டக்டர் குடிலுக்குத் திரும்பியபோது பிச்சையம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கண்டக்டர் சொன்னார். ஒச்சம்மாவின் குரலில் ஒச்சம்மாவையும், தன் குரலில் தன்னையும் சொன்னார். நாய் வந்த விதத்தை மட்டும் சொல்ல வரவில்லை. குனிந்து, கையை மண்ணோடு இழுத்து நடந்து காட்டினார். சில்லறை வேலியோரம் படுத்து, ஈரத்தை நக்கிக்கொண்டு, இதையெல்லாம் வேடிக்கை பார்த்தது.

பிறகு கண்டக்டர் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நான் அடிச்சதையெல்லாம் அது மறந்திருக்குமா?"

பிச்சையம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"மறக்கலை, கண்டக்டரே. மறந்திருந்தா ஓடி வந்திருக்கும். ஞாபகம் வெச்சுக்கிட்டே வந்திருக்கு. அதான் தரையோட தரையா வந்துச்சு."

கண்டக்டர் வேலியோரம் போய், சில்லறையின் கழுத்திலிருந்த அறுந்த கயிற்றை மெல்ல அவிழ்த்தார்.